வெளியே வெயில், உள்ளே இருட்டு: போன் கேமராவில் எச்.டி.ஆர். பழகுவோம்

மும்பைத் தமிழ் வீடுகளின் விசேஷப் படங்களில் ஒரு குறை தவறாமல் இருக்கும். மாட்டுங்காவின் பழைய கட்டடமாக இருக்கட்டும், செம்பூரின் புது அடுக்குமாடியாக இருக்கட்டும், ஹாலில் பெரிய ஜன்னல் ஒன்றுதான். காற்று வருகிறதே என்று எல்லோரையும் அதன் முன்னால்தான் நிறுத்துவார்கள். படத்தில் ஜன்னல் பளீரென்று வெளுத்திருக்கும், பாட்டியின் முகம் கன்னங்கரேல் என்று இருக்கும். சரி என்று திரையில் பாட்டி முகத்தைத் தொட்டு இன்னொன்று எடுத்தால் பாட்டி வந்துவிடுவார். ஜன்னலுக்கு வெளியே நின்ற தூங்குமூஞ்சி மரம் போய்விடும்.

பாட்டியும் வேண்டும், மரமும் வேண்டும் என்றால் அதற்கான வழிதான் எச்.டி.ஆர்., அதாவது ஹை டைனமிக் ரேஞ்ச். இன்றைய போன்களில் பெரும்பாலும் அது நம்மைக் கேட்காமலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. அது எப்போது கைகொடுக்கும், எப்போது படத்தைக் கெடுக்கும் என்று போனுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான்: படத்தின் வெளிச்சமான பக்கத்திலும் பார்க்க ஏதோ இருக்க வேண்டும், இருட்டுப் பக்கத்திலும் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் எச்.டி.ஆர். போடுங்கள். ஒரு பக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது என்றால் அது தேவையில்லை, சில சமயம் தொல்லை.

கணக்கு என்ன?

நடுப்பகல் நேர்வெயிலில் விழும் வெளிச்சம் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ் (ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு). ஜன்னலை விட்டுத் தள்ளி, வீட்டுக்குள் நாற்காலி போட்டு உட்காரும் இடத்தில் 100 லக்ஸ் இருந்தாலே நல்ல வெளிச்சம் என்போம். அங்கேயே ஆயிரம் மடங்கு வித்தியாசம் வந்துவிட்டது. போதாததற்கு, வெள்ளை வேட்டி தன்மேல் விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். கறுப்புத் துணி நூற்றில் நாலைந்து பங்குதான் அனுப்பும். அது இன்னொரு இருபது மடங்கு. ஆக, பால்கனி வெயிலில் காயும் வேட்டிக்கும் அறை மூலையில் கிடக்கும் கறுப்புப் பைக்கும் நடுவே ஏறத்தாழ 20,000 மடங்கு.

படம் எடுப்பவர்கள் இதை ஸ்டாப் கணக்கில் சொல்வார்கள். வெளிச்சம் இரண்டு மடங்கானால் ஒரு ஸ்டாப். ஆயிரம் மடங்கு என்பது பத்து ஸ்டாப், 20,000 மடங்கு என்பது பதினாலுக்குச் சற்று மேல். சாதாரண போன் சென்சார் (வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லு) ஒரே சொடுக்கில் உருப்படியாகப் பிடிப்பது பொதுவாகப் பத்து, பன்னிரண்டு ஸ்டாப்புக்குள் அடங்கிவிடும். நம் கண்ணுக்கு மட்டும் எப்படி இரண்டும் தெரிகிறது? கண் ஒரே பார்வையில் முழுவதையும் பார்ப்பதில்லை. ஜன்னலைப் பார்க்கும்போது அதற்கேற்பவும், பாட்டியைப் பார்க்கும்போது அதற்கேற்பவும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. மூளை இரண்டையும் சேர்த்து ஒரே அறையாக நமக்குக் காட்டுகிறது. எச்.டி.ஆர். செய்வதும் கிட்டத்தட்ட அதுதான்.

சென்சாருக்கு ஏன் முடியவில்லை என்பதற்கு, மும்பை சால்களில் (ஒற்றை அறை வீடுகள் வரிசையாக உள்ள பழைய குடியிருப்புகளில்) தண்ணீர் விடும் நேரத்துக் குழாயடியை நினைத்துக்கொள்ளுங்கள். சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் வரிசையில் வைத்த ஒரு குடம். விழும் வெளிச்சம்தான் தண்ணீர். குடம் நிரம்பி வழிந்துவிட்டால், வழிந்தது ஒரு சொம்பா, பத்து வாளியா என்று பிறகு பார்ப்பவருக்குத் தெரியாது. நிரம்பிய குடம் எல்லாம் ஒன்றுதான். படத்தில் மேகமும் சூரியனும் எதிர்வீட்டு வெள்ளைச் சுவரும் ஒரே வெள்ளைத் திட்டாகிப்போவது இப்படித்தான். மறுபக்கம், அடியில் நாலு சொட்டு மட்டும் விழுந்த குடத்தில், அது குழாயிலிருந்து விழுந்ததா, பக்கத்தில் தெறித்ததா என்று சொல்ல முடியாது. இருட்டுப் பகுதியை இழுத்து வெளிச்சமாக்கினால் மணல்மணலாகப் புள்ளி தெரிகிறதே, அந்த நாய்ஸ் இதனால் வருவது. போனில் குடங்கள் மிகச் சின்னவை. பெரிய கேமராவின் முழு அளவு சென்சார் 36 மில்லிமீட்டர் நீளம், 24 மில்லிமீட்டர் அகலம். பெரும்பாலான போன்களின் சென்சார் பரப்பளவு அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

ஆக, ஒரே சொடுக்கில் முடியாது. பல சொடுக்கு வேண்டும்.

இந்த யோசனை டிஜிட்டல் காலத்தில் பிறந்ததில்லை. 1850-களில் குஸ்தாவ் லெ கிரே என்ற பிரெஞ்சுக்காரர் கடல் காட்சிகளை எடுத்தார். கடலுக்கு ஏற்ற நேரம் கொடுத்தால் வானம் வெளுக்கும், வானத்துக்குக் கொடுத்தால் கடல் இருண்டுவிடும். அவர் வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என்று தனித்தனியாக எடுத்து, அடிவானத்தில் இணைத்து ஒரே பிரிண்டாகப் போட்டார். கணினியில் இதைக் கணக்காகச் செய்யும் வழியை 1997-ல் பால் டெபெவெக், ஜிதேந்திர மாலிக் இருவரும் ஓர் ஆய்வுக் கட்டுரையில் எழுதினார்கள். இத்துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் கட்டுரை அது. மாலிக் கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர். ஆப்பிள் 2010-ல் ஐஓஎஸ் 4.1 வழியாக ஐபோன் 4-இல் எச்.டி.ஆர். பொத்தானைக் கொண்டுவந்த பிறகு, பொதுமக்கள் கைக்கு அது வந்தது.

போன் இதை இரண்டு விதமாகச் செய்கிறது. பழைய முறையில் மூன்று படங்கள்: ஒன்று வேண்டுமென்றே இருட்டாக, ஒன்று சரியாக, ஒன்று வேண்டுமென்றே வெளுப்பாக. இருட்டான படத்தில் ஜன்னல் நன்றாக இருக்கும், வெளுப்பான படத்தில் பாட்டி நன்றாக இருப்பார். இரண்டிலிருந்தும் நல்லதை எடுத்து ஒட்டிவிடலாம். இதை பிராக்கெட்டிங் என்பார்கள்.

இரண்டாவது முறை கேட்பதற்கு விசித்திரமானது. கூகுள் 2013-ல் நெக்ஸஸ் 5 போனில் கொண்டுவந்த எச்.டி.ஆர். பிளஸ் அந்த வகை. எல்லாப் படத்தையும் ஒரே மாதிரி, இருட்டாகவே, சடசடவென்று எடுத்துத் தள்ளும். எந்தக் குடமும் வழியாதபடி பார்த்துக்கொள்வதுதான் நோக்கம். வானம் பத்திரம். ஆனால் நிழல் முழுக்க நாய்ஸ் இருக்குமே? அங்கேதான் சூட்சுமம். நாய்ஸ் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு மாதிரி விழும், காட்சி மட்டும் மாறாமல் இருக்கும். படங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்திச் சராசரி எடுத்தால் காட்சி நிற்கும், நாய்ஸ் குறையும். ஒன்பது படம் சேர்த்தால் நாய்ஸ் மூன்றில் ஒரு பங்காகும், பதினாறு சேர்த்தால் நான்கில் ஒரு பங்கு. பிறகு நிழலைத் தைரியமாக வெளிச்சமாக்கலாம். இந்த முறையின் பிற்காலப் பதிப்புகளில் நீங்கள் பொத்தானை அழுத்துவதற்குச் சற்று முன்பிருந்தே போன் படங்களைப் பிடித்து வைத்திருக்கும். பின்னால் வந்த போன்கள் இரண்டு முறையையும் கலந்து பயன்படுத்துகின்றன.

ஒட்டி முடித்தபின் ஒரு வேலை பாக்கி. 20,000 மடங்கு வித்தியாசம் உள்ள தகவல் கையில் இருக்கிறது. போன் திரையோ, தாளோ அவ்வளவைக் காட்டாது. அதை அமுக்கி, சுருக்கி, காட்டக்கூடிய அளவுக்குள் கொண்டுவர வேண்டும். இதற்கு டோன் மேப்பிங் என்று பெயர். எச்.டி.ஆர். படம் அழகாக இருப்பதும் அசிங்கமாக இருப்பதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முடிவாகிறது. ஆசைப்பட்டு நிழலையெல்லாம் தூக்கினால் படம் சப்பென்று போகும். ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகச் சரிசெய்யும்போது கட்டட விளிம்பை ஒட்டி வானத்தில் வெள்ளையாக ஓர் ஒளிக்கோடு படரும். உங்கள் கேலரியில் கோபுரத்தைச் சுற்றி, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, மரக்கிளையைச் சுற்றி அப்படி ஒரு கோடு இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு எங்கும் தெரியும். அந்த வகையில் இது கொஞ்சம் வேண்டாத ஞானம்.

பழகிப் பார்க்க ஓர் இடம்

தாராவிச் சந்துகளைவிடக் கடினமான பரீட்சை எனக்குத் தெரிந்து இந்த ஊரில் இல்லை. இரண்டு பக்கமும் மாடி வைத்த வீடுகள், கை நீட்டினால் இரண்டு சுவரும் எட்டும். தலைக்கு மேலே வயர்களும் தகரமும் போக, நீளவாக்கில் ஒரு கீற்று வானம். சந்து முடியும் இடத்தில் 90 அடிச் சாலையின் வெயில். காலடியில் தண்ணீர் பைப்புகள், வாசலில் நீல டிரம்கள். வாசல்படியில் ஓர் அக்கா உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார். கேமராவோடு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அங்கே பலருக்குச் சலித்துவிட்டது. கேட்டுவிட்டு எடுப்பதுதான் மரியாதை. கேட்டேன்.

“என்ன தம்பி, இந்த இருட்டப் போயி படம் புடிக்கீய?”

“இருட்டும் வேணும்க்கா, நீங்களும் வேணும்.”

சிரித்துக்கொண்டே பூவில் கண்ணை வைத்துக்கொண்டார்.

இந்த மாதிரி இடத்தில் முதலில் எச்.டி.ஆரை அணைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் கேமரா திரையின் மேல்பட்டையிலோ, அமைப்புகளில் ஆட்டோ எச்.டி.ஆர். என்ற பெயரிலோ அந்தப் பொத்தான் இருக்கும். ஐபோனின் புதிய மாடல்களில் அணைக்க வழியே வைக்கவில்லை. அப்படி இருந்தால் ஓப்பன் கேமரா போன்ற வேறு செயலியைப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்ல வந்தேன், ஆனால் அது ஆண்ட்ராய்டுக்கு மட்டும் உள்ளது. ஐபோன்காரர்கள் அதற்கென்று வேறு செயலியைத் தேட வேண்டும், இல்லையென்றால் இந்தப் பாடத்தை நண்பர் போனில் பார்த்துக்கொள்ளலாம்.

அணைத்த நிலையில் அக்காவின் முகத்தைத் தொட்டு எடுத்தால் முகமும் பூவும் வரும். சந்து முனை வெள்ளைச் சதுரமாகிவிடும், மேலே வானக் கீற்று வெறும் வெள்ளைப் பட்டை. சந்து முனையைத் தொட்டு எடுத்தால் சாலையில் போகும் டெம்போவின் பெயர்ப்பலகைகூடப் படிக்க வரும். அக்கா இருந்த இடத்தில் ஒரு கறுப்பு உருவம். இந்த இரண்டு படமும் உங்களுக்கு முக்கியம். எவ்வளவு தூரத்தை போன் இணைக்க வேண்டியிருக்கிறது என்று இவைதான் காட்டும்.

இப்போது எச்.டி.ஆரைப் போட்டு எடுங்கள். முகம் வரும், டெம்போவும் வரும், வானத்தில் லேசாக நீலம் வரும். கூடவே வேறு சிலதும் நடந்திருக்கும். டிரம்மின் நீலம் கண்ணால் பார்த்ததைவிடப் பளபளக்கும். கதவுக்கு உள்ளே இருந்த நல்ல இருட்டு சாம்பல் நிறமாக வெளிறியிருக்கும், அங்கே மாட்டியிருந்த சட்டையும் தெரியும். அந்தச் சட்டை நமக்குத் தேவையில்லை.

இதற்கு மருந்து உண்டு. முகத்தைத் தொடுவதற்குப் பதில், முகத்துக்கும் சந்து முனைக்கும் நடுத்தரமான வெளிச்சம் உள்ள இடத்தைத் தொடுங்கள். தொட்ட இடத்தை விரல் எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் பல போன்களில் வெளிச்சமும் போகஸும் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் சூரியன் போல ஒரு குறி வரும். அதைக் கீழே இழுங்கள், சந்து முனையில் விவரம் திரும்பி வரும்வரை. திரையில் படம் சற்று இருட்டாகத்தான் தெரியும், பயப்பட வேண்டாம். நிழலைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம், வெளுத்துப்போனதை எந்தக் கொம்பனாலும் மீட்க முடியாது. போன் எச்.டி.ஆர். படங்களுக்கு இதை மட்டும் பழகினாலே பாதி வேலை முடிந்தது.

எல்லாவற்றையும் கையாலேயே செய்து பார்க்க ஆசையிருந்தால் ஓப்பன் கேமராவில் எக்ஸ்போஷர் பிராக்கெட்டிங் இருக்கிறது. இலவசம். சில போன்களில் அமைப்புகளுக்குப் போய் கேமரா2 ஏபிஐயை (கேமராவைச் செயலி கட்டுப்படுத்தும் புதிய வழி) தேர்ந்தெடுத்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும். மூன்று படங்களையும் தனித்தனியாகச் சேமித்துத் தருவதால், எந்தப் படத்தில் எது பிழைத்தது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முழங்கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, இரண்டு நொடி டைமர் வைத்து எடுங்கள். விரல் அழுத்தும் அதிர்வுகூடப் படத்தில் விழாது.

இதற்கெல்லாம் முன்னால் லென்ஸைத் துடைக்க வேண்டும். சிரிக்காதீர்கள். மும்பைப் புழுக்கத்தில் சட்டைப் பையிலிருந்து எடுத்த போனின் லென்ஸில் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் ஒட்டியிருக்கும். பக்கத்து வெளிச்சம் அந்தப் பசையில் சிதறி நிழல் முழுவதிலும் மெல்லிய பால்நிறத் திரையாகப் படியும். அது சென்சாருக்குப் போகும் முன்பே நடந்துவிடுவதால் எத்தனை படங்களை ஒட்டினாலும் போகாது.

எங்கே உதவும், எங்கே உதைக்கும்

எலிபெண்டா தீவின் குகை எச்.டி.ஆருக்கென்றே வெட்டியது போன்ற இடம். முக்கியக் குகையின் பெரிய வாசல் வடக்கே; மும்முகச் சதாசிவர் தெற்குச் சுவரில். கிழக்கிலும் மேற்கிலும் திறந்த முற்றங்கள் இருப்பதால் தூண்களின் ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் வாங்கும். குகை அசையாது, தூண் அசையாது. உள்ளேயிருந்து வாசலைப் பார்த்து எடுத்தால் வெளியே மரங்களின் பச்சையும் உள்ளே கல்லின் கொத்து அடையாளமும் ஒரே படத்தில் கிடைக்கும். சதாசிவரின் முகங்களை மட்டும் எடுக்கும்போது எச்.டி.ஆர். வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு கன்னம் நிழலில் இருப்பதால்தான் அது கல் என்பதே மறக்கிறது. நிழலைத் தூக்கிவிட்டால் சுவரில் ஒட்டிய சித்திரம் மாதிரி தட்டையாகிவிடும். படகு ஏறும் இடத்தில் இருக்கும் கேட்வே ஆஃப் இந்தியாவும் நல்ல பயிற்சிக் களம்: 1924-ல் திறந்த அந்த வளைவு துறைமுகத்தைப் பார்த்து நிற்கிறது. காலையில் சூரியன் கடல் பக்கம், நீங்கள் நிலத்தின் பக்கம். வளைவின் செதுக்கல் முழுக்க நிழலில் இருக்கும்.

மெரின் டிரைவில் அஸ்தமனம் இதற்கு நேர் எதிர். தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருப்பவர்களின் முதுகில் பார்க்க என்ன இருக்கிறது? அவர்கள் கறுப்பு உருவங்களாக இருந்தால்தான் வானத்தின் நிறத்துக்கு மதிப்பு. எச்.டி.ஆர். போட்டால் போன் சிரத்தையாக ஒவ்வொருவரின் சட்டைக் கட்டத்தையும் தேடிக் கண்டுபிடித்துத் தரும். அணைத்துவிடுங்கள், அணைக்க முடியாத போன் என்றால் அந்தச் சூரியக் குறியை நன்றாகக் கீழே இழுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் மட்டும் கதை வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகத்தில் மடிப்பு மடிப்பாக அவ்வளவு விவரம் இருக்கும். சாதாரணப் படத்தில் அது வெறும் வெள்ளைத்தாள். அங்கே எச்.டி.ஆர். நிச்சயம் வேண்டும்.

அசைவதுதான் பெரிய எதிரி. பல படங்களை ஒட்டும்போது முதல் படத்தில் இங்கே இருந்த கை இரண்டாவது படத்தில் அங்கே இருந்தால், ஒரு கை இரண்டாகும், அல்லது ஒரு விரல் காணாமல் போகும். இதைப் பேய் விழுவது என்றே சொல்வார்கள். புதிய போன்கள் அசைந்த பகுதியை அடையாளம் கண்டு அங்கே மட்டும் ஒரே படத்தைப் பயன்படுத்தும். அப்போது பேய் போய்விடும், அந்த இடத்தில் மட்டும் நாய்ஸ் தெரியும். லோக்கல் ரயில் வாசலில் நின்று வெளியே எடுப்பது இதற்கு உதவாத வேலை, உயிருக்கும் உதவாத வேலை. பொங்கலன்று தாராவித் தெருக்களில் வரிசையாகப் பானை வைப்பார்கள். எதிர்வெயிலில் எழும் புகையும் ஆவியும் பார்க்க அழகு, ஆனால் புகை ஒரு நொடி நிற்காது, எச்.டி.ஆரில் அது பஞ்சைப் பிய்த்து ஒட்டிய மாதிரி வரலாம். புகைக்கு ஒற்றைப் படம். பானை பொங்கி முடிந்து எல்லோரும் போஸ் கொடுக்கும்போது எச்.டி.ஆர்.

நவராத்திரி கொலுவில் வேறொரு வம்பு. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை மாறுவது, மலிவான எல்.இ.டி. சரம் அதனால் நொடிக்கு 100 முறை மினுங்கலாம். கண்ணுக்குத் தெரியாது. போன் எடுக்கும் வேகமான பிரேம் ஒவ்வொன்றும் மினுங்கலின் ஒவ்வொரு கட்டத்தில் மாட்டும். படிகளின் குறுக்கே கறுப்புப் பட்டை விழும். புரோ மோடுக்கு (எல்லாவற்றையும் கையால் அமைக்கும் வசதி) போய் ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள். அந்த வேகத்தில் பட்டை அடங்கும்.

படம் எடுத்தபிறகு போடும் எச்.டி.ஆர். பில்டர்களை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஸ்னாப்சீடில் எச்.டி.ஆர். ஸ்கேப் என்று ஒன்று உண்டு. அது ஒரே படத்தின் நிழலையும் விளிம்புகளையும் முறுக்கிக் காட்டுவது. வழிந்துபோன தண்ணீரைத் திரும்பக் குடத்தில் ஊற்றாது. கல்யாண ஆல்பங்களில் எல்லோர் முகமும் உலோகத்தில் வார்த்ததுபோல் இருக்கிறதே, அது பெரும்பாலும் இந்த வகைக் கைங்கரியம்.

இப்போது இன்னொரு எச்.டி.ஆரும் வந்துவிட்டது, திரையின் எச்.டி.ஆர். 2023-ல் வந்த ஆண்ட்ராய்டு 14 அல்ட்ரா எச்.டி.ஆர். என்ற வகைப் படத்தைக் கொண்டுவந்தது. சாதாரண ஜேபெக் படத்துக்குள்ளேயே, எந்தெந்த இடத்தைக் கூடுதலாக ஒளிரவிட வேண்டும் என்ற ஒரு வரைபடத்தையும் சேர்த்து வைத்திருக்கும். அதைப் புரிந்துகொள்ளும் திரையில் விளக்குச்சுடர் நிஜமாகவே கண்ணைப் பறிக்கும். ஐபோன் படங்களிலும் இதே மாதிரி ஏற்பாடு இருக்கிறது. சில செயலிகள் வழியே அனுப்பும்போது அந்த வரைபடம் உதிர்ந்துவிடும். “உன் போன்ல பளபளன்னு இருந்துச்சு, எனக்கு வந்தது டல்லா இருக்கே” என்று சென்னையிலிருந்து அத்தை கேட்டால் பழி படத்தின்மேல் இல்லை. மூலப் படத்தையே டாக்குமெண்டாக அனுப்பினால் வரைபடமும் கூடவே போகும், அத்தை போனுக்கு அதைப் படிக்கத் தெரிந்தால் ஒளிரும்.

தாளுக்கு அந்த வசதி கிடையாது. பிரிண்ட் போடக் கொடுக்கும் முன் போன் திரையின் வெளிச்சத்தைப் பாதிக்கும் கீழே குறைத்து, ஆட்டோ பிரைட்னஸை அணைத்துவிட்டுப் படத்தை ஒருமுறை பாருங்கள். அப்போதும் பாட்டியின் புடவைக் கரையும் வெளியே மரத்தின் கிளையும் பிரிந்து தெரிந்தால் பிரிண்டுக்குக் கொடுத்துவிடலாம். தெரியவில்லை என்றால் எடிட்டில் நிழலைக் கொஞ்சம், கொஞ்சம் மட்டும், ஏற்றிவிட்டுக் கொடுங்கள்.